பழைய டிராக்டருக்குப் பிரஷ்ஷாலேயே பெயிண்ட்: வாசகர் கேள்வி – பதில்

பழைய டிராக்டருக்குக் குறைந்த செலவில், ஸ்பிரே கன் இல்லாமல் கையாலேயே பெயிண்ட் அடிப்பது பற்றி வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: கம்ப்ரஸர், ஸ்பிரே கன் எதுவும் இல்லை. பிரஷ்ஷால் அடித்தால் கோடு கோடாகத் தெரியும், சீக்கிரம் உரிந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?

இரண்டும் வேறு வேறு குறைகள். பெயிண்ட் உரிவதற்கும் பிரஷ்ஷுக்கும் சம்பந்தமே இல்லை. அடியில் ஆயில் பிசுக்கோ துருவோ ஈரமோ இருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த கன்னால் அடித்தாலும் உரியத்தான் செய்யும். கோடு விழுவதற்குக் காரணம் மூன்று: பெயிண்ட் கெட்டியாக இருப்பது, வெயிலில் சீக்கிரம் இறுகிவிடுவது, அடித்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்ப்பது. மூன்றையும் தவிர்க்கலாம், எப்படி என்று கீழே சொல்கிறோம்.

சொல்லப்போனால் பிரைமருக்கு, அதாவது மேல் பெயிண்டுக்கு அடியில் அடிக்கும் முதல் பூச்சுக்கு, ஸ்பிரேயைவிடப் பிரஷ்தான் மேல். துரு தின்ற குழி, தகடு மடிந்த இடுக்கு, போல்ட் தலையின் ஓரம் இங்கெல்லாம் பிரஷ் மயிர் பிரைமரைத் தேய்த்து உள்ளே ஏற்றிவிடும். ஸ்பிரே மேலாகப் படிந்துவிட்டு நின்றுவிடும். காற்றில் பறந்து வீணாவதும் பிரஷ்ஷில் கிடையாது.

பிரஷ்ஷுக்கு ஒத்துவராதவை மெட்டாலிக் நிறங்களும், நொடியில் காயும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரும். நீங்கள் வாங்க வேண்டியது ஆயில் சார்ந்த சிந்தெடிக் எனாமல். மெதுவாகக் காய்வதுதான் அதன் பலம். பிரஷ் விட்ட கோடு தானாகப் பரவி மட்டமாக அவகாசம் கிடைக்கிறது. கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு சுத்தம் செய்வதற்கும் பிரைமருக்கும். அடுத்து ஒரு நல்ல பிரஷ். மேல் பெயிண்டின் தரம் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றினால் செலவு இரண்டு மடங்காகும்.

கேள்வி: 40 எச்.பி. டிராக்டர். எத்தனை லிட்டர் வாங்க வேண்டும்?

டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். பானெட், பக்கத் தகடுகள், கிரில், இரண்டு மட்கார்டு ஆகியவற்றின் நீள அகலத்தைப் பெருக்கி, உள்பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழவழப்பான தகட்டில் ஒரு லிட்டர் எனாமல் ஒரு கோட்டுக்கு (கோட் என்றால் ஒரு முறை அடிக்கும் பூச்சு) 10 முதல் 12 சதுர மீட்டர் வரும். உதாரணமாக, உள்ளும் புறமுமாக 9 சதுர மீட்டர் என்றால் ஒரு கோட்டுக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. மூன்று கோட்டுக்கு 3 லிட்டர் தாராளம். உள்பக்கத்துக்கு இரண்டு கோட் போதும் என்பதால் மிஞ்சவும் செய்யும்.

எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் சொரசொரப்பான வார்ப்பு. அங்கே லிட்டருக்கு 8 சதுர மீட்டர் என்று வைத்துக் கணக்கிடுங்கள். இரண்டு கோட்டுக்கு ஒன்றரை லிட்டர் பிடிக்கும். ரிம்களுக்கு ஒரு லிட்டர், பிரைமர் மொத்தமாக 4 லிட்டர், டர்பன்டைன் 3 லிட்டர். டர்பன்டைனில் பாதிக்கு மேல் பிரஷ் கழுவத்தான் போகும்.

ஒரே நிறத்தில் இரண்டு டின் வாங்கினால் இரண்டிலும் பேட்ச் எண் ஒன்றா என்று பாருங்கள். வேறு வேறு எண் என்றால், அடிக்கும் முன்பே இரண்டையும் ஒரே வாளியில் கொட்டிக் கலக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பானெட் ஒரு சாயலும் மட்கார்டு ஒரு சாயலுமாக நிற்கும்.

கேள்வி: டீசல் ஊற்றித் துடைத்துவிட்டுத்தான் அடித்தோம். ஆறு மாதத்தில் கியர்பாக்ஸ் பக்கம் ஏடு ஏடாகக் கழன்றுவிட்டது. ஏன்?

அந்த டீசலால்தான். டீசல் பிசுக்கைக் கரைக்கும். ஆனால் தானும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலமாகத் தங்கிவிடும். அதன்மேல் அடித்த பிரைமர் இரும்பைத் தொடவே இல்லை.

முதலில் கசிவை நிறுத்துங்கள். ராக்கர் கவர் பேக்கிங், ஆக்ஸில் சீல், ஹைட்ராலிக் ஹோஸ் இணைப்பு எங்கே ஆயில் வேர்த்தாலும் அங்கே பெயிண்ட் நிற்காது. பிறகு கெட்டிப் பிசுக்கைப் பட்டித் தகட்டால் சுரண்டி எடுங்கள். மிச்சத்தில் டீசலையோ மண்ணெண்ணெயையோ பிரஷ்ஷால் பூசி 15 நிமிடம் ஊறவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். அடுத்த கட்டத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: வெந்நீரில் சலவைத்தூள் கரைத்து, ஒரு முறைக்கு இரண்டு முறை தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு குவளை தண்ணீரை மேலே ஊற்றுங்கள். தண்ணீர் ஒரே ஏடாகப் படர்ந்து வழிந்தால் சரி. முத்து முத்தாகப் பிரிந்து நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். பிரஷர் வாஷர் பயன்படுத்தினால் டைனமோ, ஸ்டார்ட்டர், ஏர் கிளீனர் வாய், பிரீதர் (எஞ்சின், கியர்பாக்ஸின் காற்றுப்போக்கி), சீல் இருக்கும் இடங்களைப் பாலிதீனால் கட்டிவிட்டு, பேட்டரியைக் கழற்றி வையுங்கள். பேட்டரிப் பெட்டியில் ஆசிட் சிந்தியிருக்கும். சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றி, நுரை அடங்கும்வரை விட்டு அலசாமல் அங்கே எதையும் பூசக்கூடாது.

காய்ந்த பிறகு, பிரைமருக்குச் சற்று முன்பாக, வெற்று இரும்பைத் தின்னரால் ஒரு முறை துடைக்க வேண்டும். இதற்கு இரண்டு துணி வேண்டும். ஒன்றில் தின்னர் நனைத்துத் துடைத்ததும், அது பறந்துபோவதற்கு முன்பே மற்றொரு காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெய் இடம் மாறும், போகாது.

கேள்வி: துருவை எந்த அளவுக்கு எடுக்க வேண்டும்? ஆசிட் ஊற்றலாமா?

பொருக்காக நிற்கும் துரு முழுக்கப் போக வேண்டும். சுரண்டியாலும் சிறு சுத்தியலாலும் தட்டி உதிர்த்துவிட்டு, கிரைண்டரில் கம்பிக் கிண்ணம் மாட்டித் தேயுங்கள். கம்பித் துண்டுகள் தெறிக்கும். கண்ணாடி இல்லாமல் அதைத் தொடவே கூடாது. டீசல் டேங்க் பக்கம் பொறி பறக்கும் வேலை வேண்டாம்; டேங்கைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, அதைக் கையால் மட்டும் தேயுங்கள். பிறகு 80-ஆம் நம்பர் உப்புத்தாள், அதன்மேல் 120. குழிகளுக்குள் கறுப்பாகத் தங்கும் துருவுக்குப் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கி சரியானது. அது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, சொன்னபடி கழுவியோ துடைத்தோ முழுக்கக் காயவிடுங்கள்.

கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைத் தொடாதீர்கள். துருவை வேகமாக எடுக்கும், உண்மைதான். ஆனால் குழிகளில் தங்கும் குளோரைடு பிரைமருக்கு அடியிலிருந்தே மறுபடி துருவை வளர்க்கும்.

தேய்த்த இரும்புக்கு அன்றைக்கே பிரைமர் போட்டுவிட வேண்டும். ஒரு ராத்திரி பனியில் கிடந்தால் காலையில் செம்மண் நிறத்தில் புதுத் துரு பூத்திருக்கும். அதனால் டிராக்டர் முழுவதையும் ஒரே மூச்சில் தேய்க்காமல், அன்று பிரைமர் போட முடிந்த அளவுக்கு மட்டும் தேயுங்கள்.

கேள்வி: பழைய பெயிண்ட் முழுவதையும் சுரண்டித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். கெட்டியாகப் பிடித்திருக்கும் பழைய பெயிண்டைவிட நல்ல அடித்தளம் கிடையாது. பிளேடால் 2 மி.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, மேலே டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் அப்படியே இருந்தால் 180-ஆம் நம்பரில் பளபளப்பு போகும்வரை தேய்த்தால் போதும். பெயர்ந்து வந்தால் அந்தப் பகுதியை இரும்புவரை எடுத்துவிடுங்கள். பழைய பெயிண்டும் வெற்று இரும்பும் சேரும் விளிம்பை, விரல் வைத்தால் படி தட்டாத அளவுக்குச் சரித்துத் தேய்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பழைய மஞ்சள், ஆரஞ்சு பெயிண்டுகளிலும் பழைய சிவப்பு பிரைமர்களிலும் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். என்95 தரத்துக்குக் குறையாத முகமூடி கட்டாயம். கீழே பாலிதீன் விரித்து, விழுவதைச் சேர்த்து மூட்டையாகக் கட்டுங்கள். வேலைத் துணியைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது.

கேள்வி: மட்கார்டில் பட்டி பார்த்த இடம் மட்டும் ஒரு மழைக்காலத்தில் உப்பிவிட்டது. என்ன தவறு?

பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி தண்ணீரை உறிஞ்சும். வெற்றுப் பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, அந்த ஈரத்தின் மேலேயே பிரைமர் போட்டிருப்பார்கள். பட்டியை எப்போதும் உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு: ரெட் ஆக்சைடு பிரைமரின் மேல் பாலியெஸ்டர் பட்டி போட்டால் அதிலுள்ள கரைப்பான் பிரைமரை இளக்கித் தூக்கிவிடும். தேய்த்துச் சுத்தம் செய்த வெற்று இரும்பில்தான் பட்டி, அதன் மேல்தான் பிரைமர்.

முதலில் பள்ளத்தை உள்ளிருந்து தட்டி எடுத்து, பட்டியின் கனத்தை 3 மி.மீ.க்குள் வையுங்கள். பட்டியை இறுகவைக்கும் ஹார்டனர், பட்டியின் எடையில் 2 சதவீதம், அதாவது 100 கிராம் பட்டிக்கு 2 கிராம். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாகப் பிதுக்கினால், மிச்ச ஹார்டனர் மேல் பெயிண்ட்வரை கசிந்து கறையாகத் தெரியும். ஓட்டையைப் பட்டியால் அடைக்காதீர்கள். அதற்கு டிங்கரிங்தான் வழி.

கேள்வி: ரெட் ஆக்சைடு போதுமா?

இரும்புக்குப் போதும், இரண்டு கோட் அடித்தால். பொருக்குத் துரு அதிகம் இருந்த டிராக்டர் என்றால் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் இன்னும் நல்லது. அலுமினிய பாகங்களில் ரெட் ஆக்சைடு பிடிக்காது. உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் வேண்டும். ஜிங்க் பூசிய தகட்டின் மேல் எனாமலை நேரடியாக அடித்தால், துத்தநாகத்தோடு வினைபுரிந்து அடியில் சோப்பு போன்ற படலம் உண்டாகி உரியும். அங்கேயும் எட்ச் பிரைமர்தான்.

பிரைமர் அடித்துவிட்டு வாரக்கணக்கில் வெளியே நிறுத்திவைக்க வேண்டாம். பிரைமர் என்பது ஈரத்தை முழுக்கத் தடுக்கும் பூச்சு அல்ல. மேல் பெயிண்ட் ஏறாதவரை ஈரம் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும்.

கேள்வி: பிரஷ் கோடு தெரியாமல் அடிப்பது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள்.

கழற்ற முடிந்த தகடுகள் எல்லாவற்றையும் கழற்றிப் படுக்கைவாட்டில் வையுங்கள். படுத்திருக்கும் தகட்டில் வழிசல் வராது, கோடும் எளிதில் மட்டமாகும். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

பன்றி மயிர் பிரஷ் வாங்குங்கள். அகலத் தகட்டுக்கு இரண்டரை இன்ச், இடுக்குகளுக்கு ஒரு இன்ச். புதுப் பிரஷ்ஷை உள்ளங்கையில் தட்டி, டர்பன்டைனில் அலசி, இழுத்தால் வரும் மயிரையெல்லாம் பிடுங்கிவிடுங்கள். புதுப் பிரஷ்ஷை முதலில் பிரைமருக்குப் பயன்படுத்துங்கள். உதிர வேண்டியது அங்கேயே உதிர்ந்து, மேல் பெயிண்டுக்கு வரும்போது பழகியிருக்கும்.

பெயிண்ட் டின்னைக் குலுக்கக்கூடாது, குமிழி வரும். தட்டையான குச்சியால் அடிவரை கிளறி, 200 மி.லி. மட்டும் வேறு டப்பாவில் நைலான் துணியால் வடிகட்டி ஊற்றுங்கள். அதில் 10 முதல் 20 மி.லி. டர்பன்டைன் சேருங்கள். பெரிய டின்னில் நேரடியாகப் பிரஷ்ஷை விட்டால் தூசி முழுவதும் அதற்குள் போய்ச் சேரும்.

பிரஷ் மயிரில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நனையட்டும். டப்பாவின் உள்சுவரில் இருபுறமும் தட்டுங்கள், விளிம்பில் வழிக்காதீர்கள். முதலில் தகட்டின் ஓரங்களுக்கும் துளைகளின் சுற்றுக்கும் ஒரு பூச்சு கொடுங்கள். கூர்மையான ஓரத்தில் பெயிண்ட் விலகி மெலிந்து நிற்கும். துரு திரும்ப வருவதும் அங்கிருந்துதான். பிறகு ஓர் அடி அகலத்துக்கு நீளவாக்கில் மூன்று இழுப்பு, உடனே குறுக்குவாக்கில் பரப்பல், கடைசியாகப் பிரஷ் நுனி மட்டும் படும்படி, அழுத்தமே இல்லாமல் நீளவாக்கில் ஒரே இழுப்பு. அந்தக் கடைசி இழுப்பைக் காய்ந்த பக்கத்திலிருந்து ஈரமான பக்கத்துக்கு இழுத்து, போகிற போக்கிலேயே பிரஷ்ஷைத் தூக்கிவிடுங்கள். அதோடு சரி, அந்த இடத்தைத் திரும்பத் தொடாதீர்கள். விட்டுப்போன புள்ளி தெரிந்தாலும் அடுத்த கோட்டில் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த பட்டையை முதல் பட்டையின் ஓரம் ஈரமாக இருக்கும்போதே, 5 முதல் 10 நிமிடத்துக்குள் சேர்த்துவிட வேண்டும்.

பானெட் போன்ற அகலமான தகட்டுக்கு 4 இன்ச் ஸ்பாஞ்ச் ரோலரால் மெல்லிசாக உருட்டிவிட்டு, உடனே பிரஷ் நுனியால் ஒரு முறை நீவினால் அருமையாக வரும். 10 நிமிடம் கழித்துக் கீழ் ஓரங்களையும் போல்ட் துளைகளையும் பாருங்கள். வழிசல் இருந்தால் அப்போதே ஒற்றி எடுத்துவிடலாம்.

நேர் வெயிலில் வேண்டாம். தகடு கைக்குச் சுடக்கூடாது. 15 முதல் 30 டிகிரி செல்சியஸ் நல்லது. பனி காய்ந்த பிறகு தொடங்கி, அடித்த கடைசித் தகடு சாயங்காலப் பனி இறங்கும் முன் ஒட்டாத பதத்துக்கு வரும்படி நிறுத்திக்கொள்ளுங்கள். ஈரமான எனாமலில் பனி விழுந்தால் பளபளப்பு மங்கிவிடும். தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசி அடங்கும்.

24 மணி நேரம் கழித்து 400-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டு லேசாகத் தேய்த்து, துடைத்து, காயவிட்டு அடுத்த கோட். மூன்று மெல்லிய கோட் வேண்டும். இரண்டு தடித்த கோட் அதற்கு ஈடாகாது.

கேள்வி: இரண்டாவது கோட் அடித்ததும் சுருங்கிப் பொங்கிவிட்டது. இப்போது என்ன செய்வது?

முதல் கோட்டின் மேல்பக்கம் காய்ந்து உள்ளே இளசாக இருந்திருக்கும், அல்லது டர்பன்டைனுக்குப் பதிலாக என்.சி. தின்னர் கலந்திருப்பீர்கள். இப்போது சுரண்டினால் கூழாகத்தான் வரும். ஒன்றிரண்டு வாரம் அப்படியே விட்டு, நகம் பதியாத அளவுக்கு இறுகியதும் 180, பிறகு 320-ஆம் நம்பரால் மட்டமாக்கி, மெல்லிய கோட் ஒன்று கொடுங்கள்.

கேள்வி: எனாமலில் ஹார்டனர் கலக்கலாமா?

அந்தப் பெயிண்டுக்கென்றே தயாரித்த ஹார்டனராக இருந்தால் கலக்கலாம். பளபளப்பும் கடினமும் கூடும், டீசல் சிந்தினாலும் தாங்கும். ஆனால் கலந்த பெயிண்டைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். மிஞ்சியதை டின்னில் திரும்ப ஊற்றினால் டின் முழுவதும் இறுகிவிடும். பல ஹார்டனர்களில் மூச்சுக்குழாயைப் பாதிக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் கிட்டவே போகக்கூடாது. மற்றவர்களுக்கும் கையுறை, ரசாயன ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள முகமூடி, நல்ல காற்றோட்டம் மூன்றும் வேண்டும். தூசி முகமூடி இதற்கு உதவாது. கடினமான பூச்சு தேவையில்லை என்றால் ஹார்டனர் இல்லாமலே அடியுங்கள், கூடுதலாகக் காயவிட்டால் போதும்.

கேள்வி: எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் அதே பெயிண்டா? எங்கெல்லாம் அடிக்கக்கூடாது?

எஞ்சின் பிளாக்கின் சூட்டை நல்ல எனாமல் தாங்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் சைலன்சரும் பல நூறு டிகிரிக்குப் போகும். சாதாரண எனாமல் முதல் ஓட்டத்திலேயே கருகிப் புகையும். 600 டிகிரி தாங்கும் என்று போட்ட சிலிக்கான் பெயிண்டை, ரெட் ஆக்சைடு எதுவும் இல்லாத வெற்று இரும்பில் மிக மெல்லிசாக இரண்டு கோட் அடியுங்கள். அது சூட்டில்தான் இறுகும். முதலில் ஐடிலில் 10 நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள், அடுத்து 20 நிமிடம், அதன் பிறகுதான் லோடு.

ரேடியேட்டர் இதழ்களில் பெயிண்ட் ஏறினால் சூடு வெளியேறாது; சட்டத்துக்கு மட்டும் அடியுங்கள். ஹைட்ராலிக் ராடு, பி.டி.ஓ. ஷாஃப்ட் (பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு), பெல்ட் ஓடும் புல்லிப் பள்ளம், ரப்பர் ஹோஸ், வயர், டீசல் டேங்க் மூடியின் காற்றுத் துளை, பிரீதர் எதிலும் பெயிண்ட் படக்கூடாது. எர்த் வயர் சேரும் இடம் வெற்று இரும்பாகவே இருக்க வேண்டும். அங்கே பெயிண்ட் இருந்தால் ஸ்டார்ட்டர் சரியாகச் சுற்றாது. எஞ்சின் எண், சேஸிஸ் எண் பொறித்த இடங்களை மூடிவிடாதீர்கள். கிரீஸ் நிப்பிள்களுக்கு டேப் சுற்றுவதைவிட ஒரு பொட்டுக் கிரீஸ் தடவிவிடுவது சுலபம். காய்ந்ததும் துணியால் துடைத்தால் பெயிண்டோடு வந்துவிடும். ஆனால் அந்தக் கிரீஸ் பக்கத்துத் தகட்டில் இழுபடக்கூடாது.

கேள்வி: ரிம்முக்குச் சில்வர் அடித்தால் திட்டுத் திட்டாக வருகிறது.

அலுமினியத் துகள்கள் பிரஷ் போன திசையில் படிவதால் வருவது அது. ஸ்பாஞ்ச் ரோலரால், அடிக்கடி கிளறிக்கொண்டே, ஒரே திசையில் அடித்துப் பாருங்கள். எங்கள் யோசனை, வெளிர் சாம்பல் எனாமல். தூரத்தில் இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது, பிரஷ்ஷிலும் மட்டமாக வரும், பிறகு கீறல் விழுந்தால் தொட்டு அடிக்கவும் எளிது.

கேள்வி: வாங்கும்போதே யாரோ நிறம் மாற்றியிருந்தார்கள். பழைய நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

வெயில் படாத இடங்களில் அது ஒளிந்திருக்கும்: டூல் பாக்ஸ் அடி, ஹெட்லைட் பிராக்கெட்டின் பின்பக்கம், டாஷ்போர்டுக்குள். ஒரு சதுர இன்ச்சை 400-ஆம் நம்பரால் மெதுவாகத் தேய்த்தால் ஒவ்வோர் அடுக்காக வெளிவரும். பிரைமருக்கு நேர் மேலே இருக்கும் அடுக்குதான் தொழிற்சாலை நிறம். அந்தத் தகட்டைக் கடைக்குக் கொண்டுபோனால் கருவியில் வைத்து நிறம் கலந்து தருவார்கள்.

மாடலும் துப்பு கொடுக்கும். 1946 முதல் 1956 வரை வந்த ஃபெர்குசன் டி.இ.20 முழுக்கச் சாம்பல் நிறம். 1952-ல் வந்த புதிய ஃபோர்ட்சன் மேஜர் நீல உடலும் ஆரஞ்சு ரிம்மும் கொண்டது. மாஸி ஃபெர்குசன் 35-ல் தகடு சிவப்பு, எஞ்சின் சாம்பல்.

சிவப்பு வெளுத்து ரோஸ் ஆகியிருந்தால் உடனே பெயிண்ட் வாங்க ஓடாதீர்கள். ஈரத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டினால் மேற்பரப்பு மட்டும் வெயிலில் பொடிந்திருக்கிறது. ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் அடியில் பழைய சிவப்பு அப்படியே இருக்கக்கூடும்.

கேள்வி: அடித்து எத்தனை நாளில் வயலுக்கு இறக்கலாம்?

தகடுகளைப் பூட்ட மூன்று, நான்கு நாள் பொறுங்கள். போல்ட்டுக்கு அடியில் வாஷர் வைத்தால் பெயிண்ட் திருகிக் கழலாது. லேசான வேலைக்கு ஒரு வாரம். பிரஷர் வாஷர், பாலிஷ், ஸ்டிக்கர் மூன்றும் ஒரு மாதத்துக்குப் பிறகே. அதுவரை டீசல் சிந்தினால் உடனே துடைத்துவிட வேண்டும், ஊறினால் இளகும்.

மிச்சப் பெயிண்டின் மேல், டின் அகலத்துக்கு வெட்டிய பாலிதீன் வட்டத்தைப் பெயிண்டைத் தொடும்படி போட்டு மூடிவையுங்கள், ஆடை கட்டாது. கல் பட்டுப் பெயர்ந்த இடத்தை அந்த வாரமே தேய்த்து, பிரைமர் வைத்து, தொட்டு அடித்துவிட அது உதவும். எண்ணெய்ப் பெயிண்ட் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.